செருப்புக்குக் கால் வலித்த பாட்டு

குழந்தைப் பாடல் போட்டி அறிவிப்புகளில் கடைசியாக ஒரு விதி இருக்கும். ‘அனுப்பப்படும் பாடல்கள் இதற்கு முன் அச்சிலோ இணையத்திலோ எந்த வடிவிலும் வெளிவந்திருக்கக் கூடாது.’ மற்ற விதிகள் போட்டிக்குப் போட்டி மாறும். சிலர் பன்னிரண்டு பாட்டுக் கேட்பார்கள், சிலர் இருபது. சிலர் தாளின் ஒரு பக்கத்தில் மட்டும் எழுதச் சொல்வார்கள், சிலர் மின்னஞ்சலில்தான் வேண்டும் என்பார்கள். இந்த விதி மட்டும் எல்லாவற்றிலும் இருக்கும். இருபது வருடமாக அதைப் படித்துவருகிறேன். அந்த விதிக்குப் பயந்து நான் செய்த ஒரு காரியத்தை இங்கே எழுதுகிறேன்.

உத்திரமேரூர் பேருந்து நிலையத்துக்குப் பின் தெருவில் உள்ள பேனர் கடையில் டைப் அடிப்பது என் வேலை. பத்தாம் வகுப்போடு படிப்பு நின்றுவிட்டது. தமிழ்த் தட்டச்சில் லோயர் பரீட்சை தேறியிருந்ததால் இந்த வேலை கிடைத்தது. பெருநகரிலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து போகிறேன். கடை முதலாளிக்கும் எனக்கும் கிட்டத்தட்ட ஒரே வயது. ஊரில் எல்லோரும் அவரை பாய் என்பார்கள், நானும் அப்படித்தான். வருகிறவர்களிடம் பேசுவது அவர் வேலை. பலகைத் தடுப்புக்குப் பின்னால், சுவரைப் பார்த்துப் போட்ட கம்ப்யூட்டர் முன்னால் நான் இருப்பேன். நாலு பேர் முன்னால் வாய் வராத எனக்கு அந்த மூலை போதுமானதாக இருந்தது. காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, திருமணம், கண்ணீர் அஞ்சலி. அஞ்சலி பேனருக்கு நாலு வரி வேண்டுமென்று கேட்பவர்களுக்கு நானே எழுதிக் கொடுப்பேன். அதில் என் பெயர் வராது. வர வேண்டுமென்று நினைத்ததும் இல்லை.

என் பெயரோடு வர வேண்டுமென்று நினைத்தது குழந்தைப் பாட்டுகள்தான். ஒரே ஒரு புத்தகம். படம் போட்டது. ஏதாவது ஒரு பள்ளிக்கூடத்தில் ஒரு பிள்ளை அதைப் பிரித்துப் படிக்க வேண்டும். அவ்வளவுதான் ஆசை. ஐம்பது வயதை நெருங்கும் ஆள், தலையில் நரை வந்தவன், நாய்க்குட்டிக்கும் தவளைக்கும் பாட்டு எழுதுவது மற்றவர்களுக்கு வேடிக்கைதான். பாய் காலையில் கடை திறக்கும்போதே ஆரம்பிப்பார்.

“இன்னா கவிஞரே, இன்னிக்கு பூனையா, எலியா?”

“ஒண்ணியும் இல்ல பாய்.”

“எலின்னா சொல்லு. மெஷின் ரூம்ல ஒன்னு கீது. ஒயரெல்லாம் துன்னுது. அது மேல ஒரு பாட்டு பாடி வெளிய இட்டாந்துடு.”

எழுத ஆரம்பித்த காலத்தில் நாளிதழ்களோடு சிறுவர் இணைப்புகள் வந்தன. அவற்றில் மூன்று பாட்டுகள் வெளியாயின. ஒன்றில் என் ஊர்ப் பெயரைப் போட்டிருந்தார்கள், என் பெயரை விட்டுவிட்டார்கள். பிறகு அந்த இணைப்புகள் ஒவ்வொன்றாக மெலிந்து நின்றுபோயின. பதிப்பகங்களுக்கு எழுதினால், பாட்டு நன்றாக இருக்கிறது, முந்நூறு பிரதிகளை நீங்களே எடுத்துக்கொள்வதாக இருந்தால் போடலாம் என்று பதில் வரும். கொரோனாவுக்குப் பிறகு வாட்ஸ்ஆப் குழுக்கள் வந்தன. வாரம் ஒரு போட்டி, கலந்துகொண்ட அத்தனை பேருக்கும் சான்றிதழ், கூடவே ஒரு பட்டம். நூறு பேருடைய பாட்டுகளைச் சேர்த்துத் தொகுப்பு போடுவார்கள். அப்படி ஒன்றில் நானும் சேர்ந்தேன். புத்தகம் வந்தபோது என் பாட்டின் கடைசி இரண்டு வரிகள் அடுத்த பக்கத்துக்காரர் பாட்டோடு ஒட்டிக்கொண்டிருந்தன. அவருக்கு அதில் வருத்தம் இருந்ததாகத் தெரியவில்லை.

நல்ல போட்டிகளும் உண்டு. வருடத்துக்கு ஒன்றோ இரண்டோ வரும். நடுவர்கள் உண்மையிலேயே படித்துப் பார்ப்பார்கள். தேர்வாகும் தொகுப்பை ஓவியர் ஒருவரிடம் கொடுத்துப் படம் வரைந்து, எழுதியவரிடம் காசு கேட்காமல் புத்தகமாக்குவார்கள். நான் காத்திருந்தது அதற்குத்தான்.

ஐந்தாறு வருடத்துக்கு முன் அப்படிப்பட்ட ஒரு போட்டியில் என் தொகுப்பு முதல் பத்துக்குள் வந்தது. பாய்க்குச் சந்தோஷம் தாங்கவில்லை. என்னிடம் சொல்லாமலே என் கம்ப்யூட்டரிலிருந்து ஒரு பாட்டை எடுத்து, கடை பெயரில் அடித்த புது வருடக் காலண்டரில் என் பெயரோடு போட்டுவிட்டார். மளிகைக் கடை, டீக்கடை, உரக்கடை என்று ஊர் முழுக்கக் கொடுத்தார். யாரோ அதைப் படம் பிடித்துப் போட்டி நடத்தியவர்களுக்கு அனுப்பியிருக்கிறார்கள். விதியை மீறியதால் தொகுப்பு விலக்கப்பட்டது என்று இரண்டு வரியில் கடிதம் வந்தது. பாய் அதை வாங்கிப் படித்தார்.

“காலண்டர்லாம் ஒரு புஸ்தகமா கவிஞரே? வருஷம் போனா கிழிச்சி வடை மடிக்கிற பேப்பரு. அத்தப் போயி கணக்குல எடுப்பாங்களா?”

“அச்சு அச்சுதான் பாய்.”

மூன்று நாள் அவர் என்னைக் கேலி செய்யவில்லை. நானும் அவர் மேல் கோபப்படவில்லை. ஆனால் அதற்குப் பிறகு எந்தப் பாட்டையும் கடை கம்ப்யூட்டரில் வைப்பதில்லை. ஒரு நோட்டில் எழுதிப் பையோடு வீட்டுக்கு எடுத்துப்போய்விடுவேன்.

எங்கள் கடைக்கு எதிரே ஒரு நாஷ்டா கடை இருக்கிறது. காலையில் இட்லி, பூரி. மாலையில் பஜ்ஜி, போண்டா. முப்பது வயதுள்ள ஒரு பெண் நடத்துகிறார். கணவர் லாரி ஓட்டுகிறவர், மாதத்தில் பாதி நாள் வெளியூரில் இருப்பார். ஒரே மகள், ஒன்றாம் வகுப்பு. பள்ளி விட்டு வந்த பிள்ளை எண்ணெய்ச் சட்டியருகே வரக் கூடாதென்று அவளை எங்கள் கடைக்கு அனுப்பிவிடுவார். “அண்ணா, இத்த கொஞ்சம் பாத்துக்கோங்க, எண்ணெ தெறிக்கிது” என்று தெருவுக்கு அந்தப் பக்கமிருந்தே சத்தம் வரும். பிள்ளை இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு ஒரே ஓட்டமாக ஓடி வருவாள்.

தூசி பட்டால் மெஷின் கெட்டுவிடும் என்று எங்கள் கடையில் செருப்பை வாசலில் விடச் சொல்வோம். அவள் கழற்றமாட்டாள், உதறுவாள். ஒன்று மேல் ஒன்று போய் விழும். தடுப்புக்குப் பின்னால் வந்து பேனர் சுருள் மேல் உட்கார்ந்துகொண்டு என்னிடம் பேசுவாள். எனக்கு “டைப்பு மாமா” என்று பெயர் வைத்திருந்தாள். பெரியவர்களிடம் வராத பேச்சு எனக்கு அவளிடம் வந்தது. ஒருநாள் கேட்டாள்.

“டைப்பு மாமா, நம்ம நடந்தா நமக்குக் காலு வலிக்குதில்ல? செருப்புக்குக் காலு வலிக்குமா?”

“செருப்புக்கு ஏது கால்?”

“அதுவும் நடக்குதே!”

அன்று பஸ்ஸில் போகும்போது எழுதினேன்.

இடது செருப்பு சொன்னதாம்:
“எனக்குக் காலு வலிக்குது.”
வலது செருப்பு சொன்னதாம்:
“வா வா, கொஞ்சம் தூரம்தான்.”
பாப்பா காலைச் சுமந்துபோய்ப்
பள்ளிக்கூட வாசலில்
ஒன்றின் மேலே ஒன்றுமாய்ப்
படுத்துத் தூங்கிப் போச்சுதாம்.

மறுநாள் சொல்லிக் கொடுத்தேன். இரண்டே நாளில் மனப்பாடம் செய்துவிட்டாள். இரண்டாவது வரியைச் சொல்லி முடித்ததும் தானே சிரித்துவிடுவாள், மீதிப் பாட்டு சிரிப்போடுதான் வரும். தெருவைக் கடந்து அம்மாவிடம் ஓடும்போதும் அதே பாட்டு. அம்மா அதை அவள் வாயால் கேட்டிருக்கிறார், தாளில் பார்த்ததில்லை.

“இன்னாடி இது, செருப்புக்கே காலு கீதா?” என்பார் பாய்.

“அதான் ஜோக்கு, பாய் தாத்தா!”

“தாத்தாவா? மாமான்னு சொல்லுடி. எனக்கு இன்னா வயசாயிடிச்சி?”

“தாடி கீதே!”

அவள் ஒன்றாம் வகுப்புப் படித்த அந்த வருடம் சென்னைப் பதிப்பகம் ஒன்று நல்ல போட்டி ஒன்றை அறிவித்தது. ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்குப் பதினைந்து பாட்டுகள். செருப்புப் பாட்டை முதலில் வைத்து, அதன் பெயரையே தொகுப்புக்கும் வைத்து அனுப்பினேன். மழை ஆரம்பித்த நேரத்தில் பதில் வந்தது. கடைசிச் சுற்றில் ஐந்து தொகுப்புகள், என்னுடையது அதில் ஒன்று. இவற்றில் எதுவும் எங்கும் வெளிவந்ததில்லை, முடிவு தெரியும்வரை எங்கும் வெளியிடவும் மாட்டேன் என்று உறுதிமொழிப் படிவத்தில் கையெழுத்துக் கேட்டார்கள். போட்டுக் கொடுத்தேன். பாயிடம் மட்டும் சொன்னேன்.

“இந்த வாட்டி நான் வாயே தொறக்கல” என்றார். “காலண்டரும் போடல. போதுமா?”

இரண்டு வாரம்கூட ஆகவில்லை, அந்தப் பிள்ளைக்குக் காய்ச்சல் கண்டது. முதலில் இங்கேயே ஊசி போட்டார்கள். பிறகு காஞ்சிபுரம். அங்கிருந்து செங்கல்பட்டு. ரத்தத்தில் தட்டணுக்கள் இறங்கிவிட்டன என்று சொன்னதாகக் கேள்விப்பட்டோம். எதிர்க்கடை நாலு நாள் திறக்கவில்லை. ஐந்தாம் நாள் காலை பத்து மணிக்கு அந்த அம்மாவின் தம்பி எங்கள் கடைக்கு வந்தார். கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

“பாய், பேனரு ஒன்னு போடணும்.”

பாய்க்குப் புரிந்துவிட்டது. என்ன சைஸ் என்று வழக்கமாகக் கேட்பதைக் கேட்கவில்லை. “குந்து நைனா, மொதல்ல குந்து” என்று நாற்காலியை இழுத்துப் போட்டார். தம்பி உட்காரவில்லை. தடுப்பைச் சுற்றி என்னிடம் வந்து போனை நீட்டினார். பள்ளிக்கூடத்தில் கொடியேற்றத்தன்று எடுத்த படம். சட்டையில் கொடி குத்தியிருந்தது.

“அண்ணா, அந்த அஞ்சலிப் பாட்டெல்லாம் வேணான்னு அக்கா சொல்லிச்சி. நீங்க ஏதோ செருப்புப் பாட்டு கத்துக் குடுத்தீங்களாமே? அத்தப் போட சொல்லிச்சி. ஆஸ்பத்திரில கூட பாடிக்கினு இருந்தாளாம்.”

அந்த நேரத்தில் எனக்கு என்ன தோன்றியதென்று மறைக்காமல் எழுதுகிறேன். ஆஸ்பத்திரியில் அவள் எப்படிப் பாடியிருப்பாள் என்று தோன்றவில்லை. அச்சில் வரக் கூடாதே என்றுதான் தோன்றியது. எங்கள் ஊரில் அஞ்சலி பேனர் கட்டினால் மாலைக்குள் எல்லோர் வாட்ஸ்ஆப் ஸ்டேட்டஸிலும் அதன் படம் வந்துவிடும். ஒரு காலண்டரைப் படம் எடுத்து அனுப்பியவர்கள் இதை விடுவார்களா என்று நினைத்தேன்.

முடியாது என்று சொல்லியிருக்கலாம். காரணத்தையாவது சொல்லியிருக்கலாம். வீட்டில் பிள்ளையைக் கிடத்தியிருக்கும்போது போட்டியைப் பற்றிப் பேச எனக்கு வாய் வரவில்லை. “சரிப்பா” என்றேன். அவர் பாயிடம் போய் நின்றதும் என் கை வேலையை ஆரம்பித்தது. இருபது வருடம் அஞ்சலி எழுதிப் பழகிய கை, கால் மணி நேரம்கூட ஆகவில்லை.

இடது செருப்பு கேட்டதாம்:
“இன்னும் எத்தனை தூரமோ?”
வலது செருப்பு சொன்னதாம்:
“வானம் வரைக்கும் போகணும்.”
பாப்பா பாதம் தாங்கியே
பாதை எல்லாம் நடந்தபின்
தெய்வம் வாழும் வாசலில்
தேம்பித் தேம்பி நின்றதாம்.

இது வேறு பாட்டு, இதற்கும் போட்டிக்கும் சம்பந்தமில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சாவுக்கு இதுதான் பொருத்தம் என்றும் சொல்லிக்கொண்டேன். பாய் மெஷினில் போடும் முன் படித்துப் பார்த்தார்.

“காலு வலிக்குதுன்னு வருமே கவிஞரே? அதுக்குத்தான புள்ள சிரிக்கும்?”

“போட்டி கீது பாய்.”

அவர் என்னையே பார்த்தார். “செத்த வூட்டுக்குப் போற பேனர்ல…” என்று ஆரம்பித்தவர் நிறுத்திவிட்டார். காலண்டர் விஷயம் நினைவுக்கு வந்திருக்க வேண்டும். தம்பி வெளியே நின்றுகொண்டிருந்தார். பாய் மெஷினை ஓட்டினார்.

பேனரை அவர்கள் தெரு முனையில் கட்டினார்கள். நானும் பாயும் போயிருந்தோம். எல்லோரும் நின்று படித்தார்கள். தெய்வம் வாழும் வாசல் என்ற இடம் வந்ததும் இரண்டு பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார்கள். நான் எழுதிய அஞ்சலிகளில் அதிகம் பேரை அழவைத்தது அதுதான்.

மூன்று வாரம் கழித்து எதிர்க்கடையைத் திறந்தார்கள். முதல் நாள் பதினோரு மணிவாக்கில் அந்த அம்மாவே இரண்டு டம்ளரில் டீ எடுத்துக்கொண்டு வந்தார். பாய் அப்போது வெளியே போயிருந்தார். என் மேஜையில் டீயை வைத்துவிட்டுப் போகாமல் நின்றார்.

“அண்ணா, ஒன்னு கேக்கட்டா? தப்பா நெனச்சிக்காதீங்க.”

“கேளும்மா.”

“பாட்டுல ‘எனக்குக் காலு வலிக்குது’ன்னு வரும்ல? அத்தச் சொல்லிட்டுதான் வுழுந்து வுழுந்து சிரிப்பா. பேனர்ல அது இல்லியே?”

இப்போதாவது சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தேன். மாற்றிவிட்டேன் என்றால் ஏன் என்று கேட்பார். போட்டி முடிவு இன்னும் வரவில்லை.

“பாட்டே அப்டித்தாம்மா. பாப்பாதான் மாத்திப் பாடிக்கினு இருந்துச்சு.”

“தப்பா பாடுனாளா?”

“சின்னப் புள்ளதானே.”

அவர் கொஞ்சம் சிரித்தார். மூன்று வாரத்தில் அவர் சிரித்து யாரும் பார்த்திருக்கமாட்டார்கள். “அவ அப்டித்தாண்ணா. வாய்ப்பாடு கூட அவ இஷ்டத்துக்குத்தான் சொல்லுவா” என்று சொல்லிவிட்டு, காலி டம்ளரைப் பிறகு வந்து எடுத்துக்கொள்கிறேன் என்று போய்விட்டார்.

செத்துப்போன பிள்ளை மேல் ஒரு தப்பைப் போட்டாயிற்று. டீ ஆறிப்போய் ஏடு கட்டிவிட்டது. அதைக் குடித்துத்தான் டம்ளரைத் திருப்பிக் கொடுத்தேன்.

பொங்கல் கழிந்து பதிப்பகத்திலிருந்து ஒரு பெண் தொலைபேசியில் பேசினார். என் தொகுப்பு தேர்வாகியிருக்கிறது என்றார். நடுவர்கள் மூன்று பேரும் செருப்புக்குக் கால் வலிக்கிற இடத்தைத் தனியாகக் குறித்திருந்தார்களாம். “எப்படி சார் தோணுச்சு உங்களுக்கு?” என்று கேட்டார். பேருந்து சத்தத்தில் கேட்கவில்லை என்று சொல்லிப் போனை வைத்தேன். வீட்டில் சொன்னபோது என் மனைவி, “அட்டையில பேரு போடுவாங்களா?” என்று கேட்டாள். போடுவார்கள் என்றேன். “அப்றம் ஏன் மூஞ்சி அப்டி கீது?” என்றாள்.

பள்ளி திறக்கப் பத்து நாள் இருக்கும்போது புத்தகம் வந்தது. எழுதியவருக்குப் பத்துப் பிரதி. அட்டையில் இரண்டு செருப்புகள், இரண்டுக்கும் கண்ணும் வாயும் வரைந்திருந்தார்கள். இடது செருப்பு முகத்தைச் சுளித்துக்கொண்டிருந்தது. கீழே என் பெயர். பாய் அதை இரண்டு கையாலும் வாங்கி, பக்கம் பக்கமாகப் பிரித்து, தாளை முகர்ந்துகூடப் பார்த்தார்.

“மொதக் காப்பி எதிர்க்கடைக்குத்தான. நீ குடுக்கிறியா, நான் குடுத்துட்டு வரட்டா?”

“வேணாம் பாய்.”

“இன்னா வேணாம்?”

அப்போதுதான் அந்த டீ கொண்டுவந்த நாளைப் பற்றி அவரிடம் சொன்னேன். கேட்டு முடித்ததும் அவர் புத்தகத்தை மேஜை மேல் கவிழ்த்து வைத்தார்.

“மாத்துனது தெரியும். புள்ள தப்பா பாடுச்சின்னா சொன்னே?”

நான் கம்ப்யூட்டர் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

“இஸ்கூல் தொறந்தா இந்தப் புஸ்தகம் அங்க வரும். அதுங்கூடப் படிச்ச புள்ளைங்க பஜ்ஜி துன்ன வர்றப்போ இத்தப் பாடிக்கினு வரும். அப்ப தெரிஞ்சிக்கட்டும்னு வுட்டுடப் போறியா?”

இருபது வருடம் ஆசைப்பட்ட புத்தகம் மேஜை டிராயரில், பழைய செய்தித்தாளுக்கு அடியில் ஒரு வாரம் கிடந்தது. பாய் அதற்குப் பிறகு அதைப் பற்றிப் பேசவில்லை. என்னைக் கவிஞரே என்று கூப்பிடவும் இல்லை.

பள்ளி திறப்பதற்கு முதல் நாள், காலை வியாபாரம் முடிந்து எதிர்க்கடை அம்மா இட்லிப் பானையைத் தேய்த்துக்கொண்டிருந்த நேரத்தில் தெருவைக் கடந்து போனேன். பெஞ்சில் யாரும் இல்லை. புத்தகத்தை நீட்டினேன்.

“இன்னாண்ணா, பொஸ்தகமா? நீங்க எழுதுனதா?” கையைப் புடவையில் நன்றாகத் துடைத்துக்கொண்டு வாங்கினார். “ஐய, செருப்பு! நம்ம பாப்பா பாட்டா?”

முதல் பக்கத்தில் விரலை வைத்துப் படித்தார். வாய்க்குள்ளேயே படித்தார். விரல் இரண்டாவது வரியில் நின்றது. மறுபடி முதல் வரிக்குப் போய், மறுபடி இரண்டாவது வரிக்கு வந்தது.

“அண்ணா, காலு வலிக்குதுன்னுதானே கீது?”

“ஆமாம்மா.”

“அப்ப பாப்பா சரியாத்தான் பாடிக்கினு இருந்தாளா?”

“சரியாத்தான் பாடிச்சு. நான்தான் பேனர்ல மாத்திட்டேன். ஒன்கிட்ட பொய் சொல்லிட்டேன். மன்னிச்சிடும்மா.”

“எதுக்குண்ணா?”

சொன்னேன். எங்கேயும் அச்சில் வந்திருக்கக் கூடாது என்று ஒரு விதி இருப்பதைச் சொன்னேன். அந்தப் பெஞ்சருகே நின்று சொல்லும்போது எனக்கே அது விளங்கவில்லை.

“பேனர்ல வந்தாக்கூடவா?”

“அதுவும் அச்சுதாம்மா.”

விதியைப் புரிந்துகொண்டவர்போல அவர் தலையாட்டினார். “பிரைஸு வந்திச்சா?”

“வந்துது.”

“சரி.”

திட்டுவார் என்று எதிர்பார்த்துத்தான் போயிருந்தேன். அவர் புத்தகத்தைப் பெஞ்சில் வைத்துவிட்டு அதன் பக்கத்திலேயே உட்கார்ந்தார்.

“அந்த பேனர அவுத்து எட்தாந்து வூட்டு சுவத்துல மாட்டிக்கீறேண்ணா. படுத்தா எதிர்க்க அதான் தெரியும். டெய்லி படிப்பேன். அவ பாடுறது காதுல கேக்கறப்பல்லாம், ‘தப்புடி, அப்டி இல்லடி, வானம் வரைக்கும்னு சொல்லுடி’ன்னு மனசுக்குள்ள அவளத் திருத்திக்கினே இருந்தேன்.”

சரியான பாட்டைப் போட்டு இன்றைக்கே புது பேனர் அடித்துத் தருகிறேன் என்றேன். அவர் அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை.

“அவ எப்டிண்ணா சொல்லுவா? நீங்கதான கத்துக் குடுத்தீங்க. ஒரு வாட்டி சொல்லுங்க.”

தெருவில் ஆட்கள் போய்க்கொண்டிருந்தார்கள். நான் மெதுவாகச் சொன்னேன்.

“அவ அவ்ளோ மெதுவா பாட மாட்டாண்ணா.”

கொஞ்சம் குரலை உயர்த்தினேன். டீக்கடைப் பக்கம் நின்ற ஒருவர் திரும்பிப் பார்த்தார். அந்த அம்மா கண்ணை மூடிக்கொண்டு என் கூடவே சொல்லிவந்தார். இடது செருப்பு சொன்னதாம், எனக்குக் காலு வலிக்குது. அதுவரை சரியாக வந்தது. வலது செருப்பு சொன்னதாம் என்றதும் அவர் வாய் தானாக “வானம் வரைக்கும் போகணும்” என்றது. நான் நிறுத்திவிட்டேன். அவர் கண்ணைத் திறந்தார்.

“இல்ல இல்ல, அது பேனர்ல வர்றது. இருங்க.”

முதலிலிருந்து ஆரம்பித்தார். இந்த முறை நான் கூடச் சொல்லவில்லை. அதே இடம் வந்ததும் அவர் வாய் மறுபடி வானத்துக்கே போனது. புத்தகத்தை எடுத்துப் பார்த்தார், மூடினார், உள்ளங்கையால் நெற்றியைத் தட்டிக்கொண்டார்.

“சிரிப்பா. எந்த எடத்துல சிரிப்பா? இருங்கண்ணா, போயிடாதீங்க.”

மறுபடி இடது செருப்பிலிருந்து ஆரம்பித்தார். நான் நின்றுகொண்டிருந்தேன்.